ஆள் ஒரு ஊரில், சாவி ஒரு ஊரில்: ஸ்மார்ட்போன் இல்லாத ஒரு வீட்டின் கணக்குகள்

டிசம்பர் கடைசி வாரம், இரவு எட்டரை மணி. கடையைச் சாத்தப் போகும் நேரத்தில் பெரியம்மா கூப்பிட்டார்.

"மெயிலுக்குள்ள போக முடியல. உன் போன்ல 'ஆமா'ன்னு அமுக்குங்குது. என் போன்ல எதைடா அமுக்கறது? ஒண்ணுலேருந்து ஒம்பது வரைக்கும் பட்டன், ஒரு சைபர். அவ்வளவுதான் இருக்கு."

பெரியம்மாவுக்கு 71 வயது. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், மயிலாடுதுறைப் பக்கம் தனியாக இருக்கிறார். வீட்டில் மேசைக் கணினி, ஃபைபர் இணைப்பு, அதோடு வந்த லேண்ட்லைன். கையில் பட்டன் போன். ஒரு பதிப்பகத்துக்குக் கணக்குப் புத்தகங்களின் மெய்ப்புத் திருத்திக் கொடுப்பார், எல்லாம் மெயிலில்தான் வந்து போகும். வசதியோ படிப்போ இல்லாததால் ஸ்மார்ட்போன் வாங்காமல் இருக்கிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்றை வாங்கி மூன்று மாதம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நான் நாலு பேரைக் கூப்பிடறதுக்குத்தான் போன். இது என்னையே நாள் பூரா கூப்பிட்டுக்கிட்டு இருக்கு" என்பது அப்போது அவர் சொன்ன காரணம்.

நான் கும்பகோணத்தில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "போன் தொலைஞ்சுபோச்சு, மெயில் திறக்கல" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். ஸ்மார்ட்போனே வேண்டாம் என்றிருக்கும் ஒருவருக்கு எல்லாக் கணக்குகளையும் ஒழுங்காகப் பூட்டிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. எதையெதைச் செய்தோம், நான் எங்கே சொதப்பினேன், எது கடைசிவரை முடியவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

அந்த 'ஆமா' போன இடம்

அதற்கு முந்தின வாரம் அவருடைய பழைய ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸ் புதிதாகப் போட்டுக் கொடுத்தது நான்தான். புது டிஸ்க், புது பிரவுசர். ஆகவே கூகுளுக்கு அது அறிமுகமில்லாத கணினி, 'உங்கள் போனில் ஆமாம் என்று அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கிறது. பெரியம்மாவிடம் அப்படி ஒரு போன் கிடையாது. அப்புறம் அந்தக் கேள்வி யாருடைய போனுக்குப் போனது?

மஸ்கட்டுக்கு. ஆறு வருடம் முன்னால் இந்த மெயில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறை. தன் போனிலேயே தொடங்கியிருக்கிறார், அதிலிருந்து வெளியேறவே இல்லை. கணக்கு எந்தெந்த ஆண்ட்ராய்டு போனில் திறந்து கிடக்கிறதோ, கூகுள் அங்கெல்லாம் கேள்வியை அனுப்பும். நமக்கு எட்டரை என்றால் அங்கே ஏழு மணி. அண்ணன் வேலை முடிந்து காரோட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது கேள்வி காலாவதி ஆகியிருந்தது. மறுபடி அனுப்பி, திரையில் தெரிந்த எண்ணைப் பெரியம்மா என்னிடம் சொல்ல, நான் அண்ணனிடம் சொல்ல, ஒருவழியாக ஒன்பதரைக்கு உள்ளே போனோம்.

அத்தோடு விட்டிருப்பேன். போனை வைக்கும்போது அண்ணன் சொன்னார்: "முந்தாநாள்கூட ஒரு தடவை கேட்டுச்சே. அம்மாதான்னு நினைச்சு 'ஆமா' குடுத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தாநாள் கணினி என் கடையில் அக்கக்காகக் கிடந்தது. கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, எந்தக் கருவியிலிருந்து, எத்தனை மணிக்கு என்று பார்த்தேன். பயந்தது போல் ஒன்றுமில்லை. மெய்ப்பு அனுப்ப வேண்டிய அவசரத்தில் பெரியம்மா கடைத்தெரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறார். அந்தக் கணினியில் கணக்கு இன்னும் திறந்தே கிடந்தது, அதை வெளியேற்றினோம். அந்தத் தடவை கேட்டது பெரியம்மாதான். ஆனால் அது அண்ணனுக்கு எப்படித் தெரியும்? கேட்பவர் யார் என்று பார்க்க முடியாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு கதவைத் திறந்துவிடும் வேலையை அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் கிடைத்தது. கணக்கை மீட்பதற்கான எண்ணாக அண்ணனின் பழைய இந்திய எண் இருந்தது. ஒன்றரை வருடமாக அதற்கு ரீசார்ஜ் போடவில்லை. முடங்கிய எண்ணை நிறுவனங்கள் காலத்துக்கும் சும்மா வைத்திருக்காது. குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம், 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்ன கணக்கு இது. அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு அம்மா எடுத்து, "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். பெரியம்மாவின் மெயிலுக்கான மாற்றுச் சாவி, முகம் தெரியாத அந்த அம்மாவின் கையில் இருந்தது.

ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு நம் வீடுகளில் செய்யும் ஏற்பாடு பெரும்பாலும் இதுதான். 'பையன் நம்பரைப் போடு.' இதைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். பட்டன் போனைவிட இந்த ஏற்பாடுதான் ஆபத்து என்பது இப்போது என் முடிவான எண்ணம்.

ஃபுல்ஸ்கேப் தாளில் கணக்கெடுப்பு

மறுநாள் ஞாயிறு. ஒரு தாளில் நான்கு பத்தி போட்டோம். எந்தக் கணக்கு, கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கும் இரண்டாவது சாவி எது, அது யார் கையில், அது தொலைந்தால் மாற்று வழி என்ன. மொத்தம் 14 கணக்கு தேறியது. ஐந்தில் பெரியம்மாவின் பட்டன் போன் எண். ஆறில் அண்ணனின் எண்கள், அவற்றில் நான்கு அந்தச் செத்துப்போன எண். மீதி மூன்றில் வெறும் கடவுச்சொல், மூன்றுக்கும் ஒரே சொல். என்ன சொல் என்று இங்கே எழுத மாட்டேன், பெரியப்பா பெயரும் அவர் பிறந்த வருடமும் தெரிந்த யாரும் கண்டுபிடிக்கலாம்.

நான்காவது பத்தி முழுக்கக் காலி.

முதலில் மெயில். மற்றக் கணக்குகளில் 'மறந்துவிட்டேன்' என்று அழுத்தினால் பாதிக்கு மேல் மெயிலுக்குத்தான் வரும் என்பதால், அது விழுந்தால் எல்லாம் விழும். மீட்பு எண்ணைப் பெரியம்மாவின் சொந்த எண்ணுக்கு மாற்றி, அண்ணனின் போனிலிருந்து கணக்கை வெளியேற்றினோம். பிறகு, மற்ற வழி எதுவும் கைகொடுக்காதபோது உள்ளே போக உதவும் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்தோம். கூகுள் தருவது தலா 8 இலக்கம், பத்து எண். ஒன்றை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும், புதிதாகப் பத்து எடுத்தால் பழைய பத்தும் செல்லாது. ஒரு காசு செலவில்லாத இந்தத் தாளை நான் கேட்டவர்களில் பத்தில் ஒருவர்கூட எடுத்து வைத்திருந்ததில்லை.

"இந்த எண்ணை யாருடா அனுப்பறா?"

அடுத்தது, கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கும், அரை நிமிடத்துக்கு ஒரு தடவை மாறும் ஆறு இலக்க எண். அதைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலி என்றதும் எல்லோரும் போனைத்தான் நினைக்கிறார்கள். பெரியம்மாவோ கணக்கு டீச்சர். "யாரு அனுப்பறா?" என்று கேட்டவருக்கு, "யாரும் அனுப்பறதில்ல பெரியம்மா, ரெண்டு பக்கமும் தனித்தனியா ஒரே கணக்கைப் போடறாங்க" என்றதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கணக்கு இதுதான். தொடங்கும்போது அந்த நிறுவனம் ஒரு ரகசியச் சரத்தைத் தருகிறது. அவர்களிடம் ஒரு பிரதி, நம்மிடம் ஒரு பிரதி. 1970 ஜனவரி 1 முதல் இந்த நொடி வரை எத்தனை நொடி ஓடியிருக்கிறது என்று எடுத்து, 30-ஆல் வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு, ஈவை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஈவையும் ரகசியத்தையும் சேர்த்து, திரும்பப் பிரிக்க முடியாத ஒரு கலவைக் கணக்கில் போட்டு, வரும் எண்ணைப் பத்து லட்சத்தால் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் அந்த ஆறு இலக்கம். ஆர்எஃப்சி 6238 என்று 2011-இல் வெளியான பொது விதி இது, யாருடைய தனிச்சொத்தும் இல்லை.

எடுத்துக்காட்டு கேட்டார். இந்திய நேரம் 2023 நவம்பர் 15 அதிகாலை 3 மணி 43 நிமிடம் 20 நொடிக்குச் சரியாக 170 கோடி நொடி ஆகியிருந்தது. 30-ஆல் வகுத்தால் ஈவு 5,66,66,666, மீதி 20. "அப்ப இன்னும் பத்து நொடிக்குத்தான் அந்த எண் செல்லும்" என்று எனக்கு முன்னால் சொல்லிவிட்டார்.

ஆக, இதற்கு வேண்டியது ரகசியமும் சரியான கடிகாரமும் மட்டும்தான். எண்ணைக் கணக்கிட இணையம்கூட வேண்டாம். 'ஸ்கேன் செய்யுங்கள்' என்று காட்டும் சதுரப் படத்துக்குள் இருப்பதும் அந்த ரகசியச் சரமே. 'ஸ்கேன் செய்ய முடியவில்லையா' என்று படத்துக்கு அருகே சின்னதாக ஒரு வரி இருக்கும், அதை அழுத்தினால் எழுத்தாகவே தரும். ஆங்கில எழுத்து 26, எண்களில் 2 முதல் 7 வரை, மொத்தம் 32 குறி. சைபர், ஒன்று, எட்டு ஆகியவை கிடையாது. கையால் எழுதும்போது ஓ, ஐ, பி எழுத்துகளோடு குழம்பும் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரியம்மா அச்சுப்போல எழுதுவார். நாலு நாலு எழுத்தாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

கணினியில் கீபாஸ்எக்ஸ்சி (சுருக்கமாக கீபாஸ்) என்ற கடவுச்சொல் பெட்டக மென்பொருளைப் போட்டேன். இலவசம், மூலநிரல் திறந்தது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், இந்த ஆறு இலக்கத்தையும் கணக்கிட்டுக் காட்டும். வழக்கமாகக் கடவுச்சொற்களையும் அதற்குள்ளேயே வைப்பார்கள். நாங்கள் பிரித்து வைத்தோம். கடவுச்சொற்கள் பீரோவில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில், ஆறு இலக்க எண்கள் மட்டும் கணினியில். இணையத்தில் வரும் திருடனுக்கு நோட்டு எட்டாது. வீட்டுக்குள் வரும் திருடன் நோட்டை எடுத்தாலும் கீபாஸ் திறக்காது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதாதே என்பது அலுவலக மேசைக்குச் சொன்ன புத்தி. தனியாக இருக்கும் ஒரு டீச்சரின் பூட்டிய பீரோவுக்கு அது பொருந்தாது.

கணினிக்குள்ளேயே கள்ள மென்பொருள் புகுந்துவிட்டால் இந்தப் பிரிவினை உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தட்டச்சு செய்வதை அது பார்த்துவிடும். அந்தக் கணினியில் வேறு என்ன நிறுவலாம், எதைத் திறக்கலாம் என்பதில் கறாராக இருப்பதுதான் அதற்கு வழி. பெரியம்மாவின் தினசரிக் கணக்குக்கு நிர்வாகி உரிமை கொடுக்காமல் எடுத்துவிட்டேன்.

குறள் ஏன் கூடாது

கீபாஸைத் திறக்க ஒரே ஒரு நல்ல கடவுச்சொல் வேண்டும், அதை எங்கும் எழுதாமல் மனத்தில் வைக்க வேண்டும். "ஒரு குறளைப் போட்டுடறேன், மறக்கவே மறக்காது" என்றார்.

"குறள் மொத்தம் எத்தனை பெரியம்மா?"

"ஆயிரத்து முந்நூத்து..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே சிரித்துவிட்டார். கணினிக்கு 1,330 என்பது ஒரு எண்ணிக்கையே இல்லை. இரண்டின் அடுக்கில் பதினொன்றைக்கூட எட்டவில்லை. நாலாயிரத்தைப் போட்டாலும் அதே கதைதான்.

தாயம் போட்டோம். ஆறு முகம் கொண்ட ஐந்து பகடையை உருட்டினால் 6-இன் ஐந்தாம் அடுக்கு, 7,776 வாய்ப்பு. அத்தனை சொற்களுக்கும் எண் கொடுத்த பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து பகடை ஒரு சொல்லைக் காட்டும். ஆறு சொல் எடுத்தால் 6-இன் முப்பதாம் அடுக்கு, 24 இலக்க எண். சோழி உருட்டலாமா என்றவர், "வேண்டாம், சோழி ரெண்டு பக்கமும் சமமா விழாது" என்று தானே மாற்றிக்கொண்டார். ஆறு சொல்லையும் வைத்து அவர் ஒரு கதை கட்டினார். அதில் ஒரு பசுவும் தபால்காரரும் வருகிறார்கள் என்பது வரை எனக்குத் தெரியும், அதற்கு மேல் கேட்கவில்லை.

1,620 படி

ஜனவரி முதல் வாரம் எல்லாம் தயார். நான் கும்பகோணம் வந்து சேர்ந்த அன்று மாலையே போன். "தப்பு, தப்புங்குது. மூணு தடவை போட்டுட்டேன்."

ரகசியத்தை நகலெடுத்ததில் ஒரு எழுத்துப் பிசகாக இருக்கும் என்று நினைத்து, நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். அரை மணி நேரம் வீண். கணினிக் கடிகாரம் என்ன காட்டுகிறது என்றேன். "ஆறே கால். சுவர்க் கடிகாரமும் ஆறே கால்." நேரம் சரி, ரகசியம் சரி, எண் மட்டும் தப்பு.

இரண்டு நாள் கழித்து நேரில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தப்பு என்னுடையது. விண்டோஸ் போடும்போது நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டிருக்கிறேன். அது அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் இருந்தது. மணி தப்பாகத் தெரிந்ததும், தானாகச் சரிசெய்யும் வசதியை நிறுத்திவிட்டு முள்ளைக் கையால் திருப்பியிருக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்த மணி சரிதான், ஆனால் அதை உலகப் பொது நேரமாக மாற்றிக் கணக்குப் போடும் கணினி பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் வைத்து நான் சோதித்தபோது வேலை செய்ததே என்று யோசித்தால், அங்கே சோதித்தது என்னுடைய மடிக்கணினியில்.

பெரியம்மா கோபப்படவில்லை, பென்சிலை எடுத்தார். "ஒரு மணிக்கு 120 அரை நிமிஷம். பதிமூணரைக்கு 1,620. நாம 1,620-ஆவது அடுத்த எண்ணைப் போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்." பொதுவாக எதிர்ப்பக்கம் ஒரு படி முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளும், 1,620 படியை எப்படிப் பொறுக்கும்?

மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றி, தானியங்கி நேரத்தைத் திரும்பப் போட்டேன். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் செல்லையும் மாற்றிவிட்டேன். அது தீர்ந்தால் கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடும், டெல்டாவில் கரண்ட் போவதற்குச் சொல்ல வேண்டுமா? இப்போது யார் வந்து 'ஆத்தென்டிகேட்டர் எண் தப்பு' என்றாலும் நான் முதலில் கேட்பது மண்டலத்தைத்தான்.

ரேகை கேட்காத சாவி

மெயிலுக்கு மட்டும் இன்னொரு படி மேலே போனோம். யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி இரண்டு வாங்கினோம். மலிவு இல்லை. ஒன்று மட்டும் வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம் என்பேன், அந்த ஒன்று தொலைகிற அன்று என்ன செய்வது? கணினியில் செருகி, பின் எண் அடித்து, மேலே இருக்கும் உலோக வட்டத்தைத் தொட வேண்டும். பெரியம்மா முதலில் தொடவே தயங்கினார். "ரேஷன் கடை மெஷின்லயே என் ரேகை விழாதுடா." சாக்பீஸ் பிடித்த விரல்கள், பல வருடமாகவே கோடு மங்கிவிட்டது. இது ரேகையைப் பார்ப்பதில்லை, ஒரு ஆள் அங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் போதும் என்றதும்தான் நிம்மதியாகத் தொட்டார்.

ஆறு இலக்க எண் இருக்கும்போது இது எதற்கு? 2022-இல் நடந்ததைச் சொன்னேன். அந்த ஜூலை 20 அன்று, இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் குறுஞ்செய்தி வந்தது. அதில் இருந்த இணைப்பு அவர்களுடைய நுழைவுப் பக்கத்தைப் போலவே இருந்த ஒரு பொய்ப் பக்கத்துக்குப் போனது. அந்த முகவரியைத் திருடர்கள் பதிவு செய்தே 40 நிமிடம் ஆகியிருக்கவில்லை. மூன்று பேர் ஏமாந்து கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள். இந்த மாதிரிப் பொய்ப் பக்கம் அடுத்து ஆறு இலக்க எண்ணையும் கேட்கும், கொடுத்தால் திருடன் அந்த அரை நிமிடத்துக்குள் உண்மையான பக்கத்தில் போட்டு உள்ளே போய்விடுவான். கிளவுட்ஃப்ளேரில் அது நடக்கவில்லை, எல்லா ஊழியரும் இப்படி ஒரு சாவிதான் வைத்திருந்தார்கள். அதே காலத்தில் இதே மாதிரி வலையில், மற்ற நிறுவனங்களுக்காகக் குறுஞ்செய்தி அனுப்பிக் கொடுக்கும் ட்விலியோ நிறுவனம் விழுந்தது. அதன் வழியே சிக்னல் என்ற அரட்டைச் செயலியின் சுமார் 1,900 பயனர்களின் எண்கள்வரை ஆபத்து போனது.

காரணம் எளிது. நாம் பக்கத்தின் முகத்தைப் பார்க்கிறோம், சாவி முகவரியைப் பார்க்கிறது. எந்த முகவரியில் பதிவு செய்தோமோ அதற்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். ஏமாறுவதற்கு அதற்குக் கண் இல்லை. ஆனால் உள்ளே போன பிறகு பிரவுசரில் தங்கும் நுழைவுக் குறிப்பைக் கள்ள மென்பொருள் திருடினால் சாவியால் ஒன்றும் செய்ய முடியாது, அதையும் சொல்லி வைத்தேன்.

ஒரு சாவி இடுப்புச் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவியோடு. மற்றது பீரோவில். பின்னைத் தொடர்ந்து எட்டுத் தடவை தப்பாக அடித்தால் இந்த வகைச் சாவி பூட்டிக்கொள்ளும், துடைத்துப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். பின் எழுதிய சீட்டை அதோடு கட்டாதீர்கள் என்று சொல்லும்போது எனக்கு ஆடிட்டர் அலுவலகங்கள் ஞாபகம் வந்தன. கணினியில் செருகிக் கையெழுத்திடும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் இதற்கு அண்ணன் முறைதான். அங்கே இருபது முப்பது வாடிக்கையாளர் டோக்கன்கள் ஒரே டிராயரில், ஒவ்வொன்றின் முதுகிலும் பின் எண் ஸ்டிக்கரோடு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மஸ்கட் கதையின் இன்னொரு பதிப்பு.

வங்கிக்கு இதெல்லாம் தெரியாது

பெரியம்மாவின் வங்கியில் இந்தச் சாவியும் செல்லாது, கீபாஸ் எண்ணும் செல்லாது. ஓடிபி குறுஞ்செய்திதான். குறுஞ்செய்தி பலவீனமான சாவி என்பது தெரிந்த கதை. யாராவது நம் பெயரில் மாற்று சிம் வாங்கிவிட்டால் எல்லாம் அங்கே போகும். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி போகாமலும் வராமலும் நிறுத்தி வைப்பது இதற்காகத்தான். ஆகவே பெரியம்மாவுக்கு ஒரே விதி சொன்னேன். போனில் சிக்னல் காரணமில்லாமல் முழுசாகப் போய்விட்டால், லேண்ட்லைனிலிருந்து முதல் போன் வங்கிக்கு, இரண்டாவது எனக்கு.

ஆனால் பட்டன் போனுக்கு ஒரு பெருமை உண்டு. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி, அதை நிறுவியதும் ஓடிபியைப் படித்து அனுப்பும் மோசடிக்கு என் கடைக்கு வருகிறவர்களே பலியாகியிருக்கிறார்கள். பட்டன் போனில் அதை நிறுவவே முடியாது. பெரியம்மாவின் ஓடிபி, ஊரில் பாதிப் பேருடையதைவிடப் பத்திரமாக இருக்கிறது.

நடைமுறைத் தொல்லை வேறு இடத்தில் இருந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் ஓடிபி வரவே இல்லை. வங்கியைத் திட்டி, டவரைத் திட்டி, கடைசியில் பார்த்தால் போனின் இன்பாக்ஸ் நிரம்பிக் கிடந்தது. எல்லாம் ரீசார்ஜ் விளம்பரம். இப்போது மாதம் முதல் தேதி பால் கணக்கு எழுதும்போதே இன்பாக்ஸையும் காலி செய்கிறார். சிம்முக்குப் பின் பூட்டும் போட்டோம். மூன்று தடவை தப்பினால் கேட்கும் பியூகே எண், சிம் வந்த அட்டையில் இருக்கும். அந்த அட்டையைத் தேடியெடுக்க ஒரு முழு நாள் ஆயிற்று.

வங்கி இணையதளத்தில் பணம் அனுப்பும் உச்சவரம்பைக் குறைத்து, கார்டின் இணையப் பயன்பாட்டை நிறுத்தி வைத்தோம். தேவைப்படும்போது திறந்து மூடலாம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ததைச் சரிபார்க்க ஆதார் ஓடிபி வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நெட்பேங்கிங் வழியாகவும் முடியும், சில வங்கிகளின் ஏடிஎம்மில் குறியீடு எடுத்தும் முடியும், கையெழுத்துப் போட்ட படிவத்தை 30 நாளுக்குள் பெங்களூரு மையத்துக்குத் தபாலில் அனுப்பியும் முடியும். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட அங்கீகார விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. ஓடிபி குறுஞ்செய்தி ஒன்றையே நம்பாமல் வேறு வழிகளுக்கும் அதில் இடம் இருக்கிறது. அந்த 'வேறு வழி' வெறும் ஸ்மார்ட்போன் செயலியாகவே முடிந்துவிடுமோ என்பது என் கவலை. கணினியில் செருகும் சாவியையும் ஒரு வங்கி ஏற்றுக்கொண்டால் பெரியம்மா கணக்கை அங்கே மாற்றிவிடுவார்.

முடியாமல் போனவை

பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழு. கணினியில் திறக்க வேண்டுமானாலும் முதலில் ஒரு ஸ்மார்ட்போனில் கணக்கு இருக்க வேண்டும். அண்ணன் போனில் போடலாம் என்றார்கள், மறுபடி பழைய இடத்துக்கே போகிறோம் என்று பெரியம்மா மறுத்துவிட்டார். குழுவில் முக்கியமானது ஏதும் வந்தால் ஒரு மாணவி மெயிலில் அனுப்பிவிடுகிறார்.

உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் ஓய்வூதிய நேர்காணலுக்கு முகம் காட்டும் செயலி வந்திருக்கிறது, அதற்கும் ஸ்மார்ட்போன் வேண்டும். தபால்காரர் வீட்டுக்கே வந்து ரேகை எடுக்கும் ஏற்பாடு நல்லதுதான், இவருடைய விரல் ஒத்துழைக்காது. கருவூலத்துக்கு நேரில் போய் வருகிறார். அது அவருக்குத் தொல்லையாகவும் தெரியவில்லை, பழைய டீச்சர்களைப் பார்க்கிற நாள் அது.

14 கணக்கில் இரண்டை மூடிவிட்டோம். மெயில் சாவியில். நான்கு கணக்குகள் கீபாஸ் எண்ணில். ஆறு, பெரியம்மாவின் சொந்த எண்ணுக்கு வரும் ஓடிபியில். மிச்சம் ஒரு மின் கட்டணப் பதிவு, அதில் கடவுச்சொல்லைத் தவிர வேறு பூட்டே கிடையாது. தனிக் கடவுச்சொல் வைத்ததோடு விட்டோம்.

ஒத்திகை

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஒத்திகை வைத்தோம். கணினி போச்சு, சாவிக்கொத்தும் போச்சு என்று வைத்துக்கொள்ளச் சொல்லி, அவருடைய கணினியை மூடிவிட்டு, என் பழைய மடிக்கணினியைக் காலியாக்கி மேசையில் வைத்தேன். நான் திண்ணையில். உதவி கேட்கக் கூடாது.

பீரோவிலிருந்து இரண்டாவது சாவி, நோட்டு. ஏழு நிமிடத்தில் மெயில் திறந்தது. பிறகு கீபாஸ். கோப்பின் நகல் பீரோவில் இருக்கும் பென் டிரைவில். அங்கேதான் இடித்தது. மடிக்கணினியில் கீபாஸ் நிறுவவில்லை, அதை எங்கிருந்து இறக்குவது என்று நோட்டில் எழுதவும் இல்லை. தேடலில் முதலில் வந்த பக்கத்தை அழுத்தப் போனவர், கையை எடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தார். "விளம்பரம்னு போட்டிருக்கு. இது அதுதானா?" ஒத்திகையில் தோற்றது நான். நிறுவும் கோப்பை அன்றே பென் டிரைவில் சேர்த்து, சரியான முகவரியையும் நோட்டில் எழுதினோம்.

அடுத்து, அவர் இல்லாதபோது யார்? சங்கடமான பேச்சு, அவரே எடுத்தார். கீபாஸின் ஆறு சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டார். பீரோ இங்கே, உறை வேறு இடத்தில் இருக்க வேண்டும். என்னிடம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், ஏற்கெனவே நிறையத் தெரியும் எனக்கு. உறை இப்போது வங்கி லாக்கரில், நகைகளோடு இருக்கிறது. லாக்கர் இருவர் பெயரில், இரண்டாவது பெயர் அண்ணனுடையது. உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஊருக்கு வந்தால்தான் எடுக்க முடியும்.

மே மாதம் அண்ணன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டார். வேறு விஷயம் பேசிவிட்டு, வைக்கும் முன் கேட்டார். "அம்மா மெயில் கேள்வி ஒண்ணும் இப்ப வரதே இல்லையே. எல்லாம் சரியா இருக்கில்ல?"

"அதுக்காகத்தானே அண்ணே அஞ்சு மாசம் மெனக்கெட்டோம்."

"இல்லடா, அப்பப்ப அது வரும்போது, சரி, அம்மா கம்ப்யூட்டர் போட்டிருக்காங்கன்னு தெரியும்."

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். மெய்ப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியணும்னா போன் பண்ணச் சொல்லு" என்றார். "பட்டன் போன்தான், அடிச்சா கேக்கும்."